தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்கள்

என் வீட்டுக்காரர் ராஜகோபாலனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வகை. எழுந்து போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைத் தன் எழுபத்துமூன்று வயதுக்குள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அவர் பார்த்திருக்கிறார். இரண்டாம் வகையிலிருந்து ஒருத்தியைக் கல்யாணமே செய்துகொண்டார். அந்த ஒருத்தி நான். அது அவருக்குத் தெரியாது என்று நாற்பத்தொரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரிப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரி நடுவில் பெரிய பாட்டு ஒன்று வரும். அதன் கடைசியில் பாடகர் ஓய்ந்து தண்ணீர் குடிப்பார். மிருதங்கக்காரர் மட்டும் பத்துப் பதினைந்து நிமிஷம் தன் கைவரிசையைக் காட்டுவார். அதற்குத்தான் தனி ஆவர்த்தனம் என்று பெயர், சுருக்கமாகத் தனி. ஆனால் சபாவில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு அது கான்டீன் நேரம். கூட்டம் சேர்வதற்குள் போனால் போண்டா சூடாகக் கிடைக்கும், காபியில் டிகாக்‌ஷன் இருக்கும். கச்சேரி முடிந்து போனால் தீய்ந்த அடியும் வரிசையும்தான் மிச்சம். ஆகவே முதல் தட்டு விழுந்த மாத்திரத்தில் நாற்காலிகள் கிறீச்சிடும்.

என்னவர் பெரிய வித்வான் இல்லை. தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். ஆறு மணிக்கு ஃபைலைக் கட்டி வைத்தார் என்றால் ஆறேகாலுக்கு ஸ்கூட்டரின் முன்பக்கம் மிருதங்கம் நின்றுகொண்டிருக்கும். நாட்டிய அரங்கேற்றம், கல்யாண வரவேற்பு, சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் கோயில் உற்சவம், பெயர் தெரியாத சின்னச் சின்ன சபாக்கள். பத்திரிகையில் விமரிசனம் வந்தால் ‘மிருதங்கம் ராஜகோபாலன்’ என்பதோடு சரி. நன்றாக இருந்தது என்றும் எழுத மாட்டார்கள், இல்லை என்றும் எழுத மாட்டார்கள்.

கோபம் மட்டும் பெரிய வித்வானுக்கு உள்ளது. ஒரு தடவை ஒரு கோயில் மண்டபத்தில் தனியை நடுவிலேயே நிறுத்திவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, ‘எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்கோ, நான் காத்துண்டிருக்கேன்’ என்று சொல்லிவிட்டார். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். செயலாளர் அவரை அப்புறம் இரண்டு வருஷம் கூப்பிடவில்லை. இவரும் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரை என்ன செய்ய முடியும்? நானும் முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். எத்தனையோ பிடிவாதக்காரப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இவரிடம் மட்டும் என் பிரம்பு செல்லுபடியாகவில்லை.

போன ஐப்பசி மழையில் அவர் விழுந்தார். அஸ்தினாபுரத்தில் எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்தாறு படி. வாங்கின காலத்தில் முப்பத்தாறு படி ஒரு பொருட்டா? தினம் நாலு தடவை ஏறி இறங்குவோம். அன்று காலை பால் வாங்கப் போனவர், கீழிருந்து மூன்றாவது படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, பந்து மாதிரி ஒரு செயற்கை மூட்டு உள்ளே வைத்தார்கள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதற்கப்புறம்தான் வினை. இவர் நடக்க மறுத்தார்.

புனேயில் இருக்கும் எங்கள் பையன் ஜெயகிருஷ்ணன் ஓடி வந்து ஒரு வாரம் இருந்தான். போகும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனான். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி திரும்பி வருவானாம். அப்பா அதற்குள் தன் காலால் அந்த முப்பத்தாறு படியும் ஏறினால் சரி. இல்லாவிட்டால் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு எங்கள் இருவரையும் புனேக்கு அழைத்துப் போய்விடுவானாம். நல்ல பிள்ளைதான், அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அங்கே போக இஷ்டமில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இரவு எட்டுக்குத்தான் திறப்பார்கள். போன தடவை மூன்று மாதம் இருந்தபோது வாட்ச்மேன் ஒருவரிடம்தான் பேசினேன். அவருக்கும் எனக்கும் பாஷை வேறு. அஸ்தினாபுரத்தில் நான் தெருவில் இறங்கினால் பத்தடிக்கு ஒருவர் ‘டீச்சர்’ என்று நிற்பார். அதை விட்டுவிட்டுப் போய் எங்கே உட்காருவது? பிள்ளை ஒரு பக்கம் நாளைக் குறித்துவிட்டான், இவர் ஒரு பக்கம் காலை ஊன்ற மாட்டேன் என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, மிருதங்கக்காரரைக் கட்டிக்கொண்ட எனக்கு அது சரியாகத்தான் அமைந்தது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு மறுவாழ்வு மையம். எலும்பு முறிந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், கை கால் விழுந்தவர்கள் தங்கி உடற்பயிற்சி செய்யும் இடம். மறுவாழ்வு மையம் என்றதும் ஆட்டோக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்து, இந்த வயதில் குடியை விடுவது கஷ்டம்தான் சார் என்று ஆறுதல் சொன்னார். இவர் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. நானும் கூடவே தங்கினேன்.

அங்கே பிசியோதெரபிஸ்ட் யூனிஸ். கிழக்குத் தாம்பரத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், சர்ச்சில் பாடுகிறவள். மாலை நாலு மணிக்கு எல்லாரையும் ஹாலுக்கு வரவழைத்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு நடக்க வைப்பாள். பாட்டு ஓடினால் வலி கொஞ்சம் மறந்துபோகுமாம். கால் தானாக ஒரு வேகத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். போதும் போதும் என்று இரண்டு சுற்றில் உட்கார்கிறவர்கள் பாட்டு இருந்தால் நாலு சுற்று நடப்பார்களாம். பெரியவர்கள் ஆயிற்றே என்று முதல் நாள் பக்திப் பாட்டாகப் போட்டாள், பாவம். முருகா என்று பாட்டில் வந்ததுதான் தாமதம், நடந்துகொண்டிருந்த ஐந்து பேரும் வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். மிருதுளா என்று ரிடையர்டு பாங்க் ஆபீசர் ஒருத்தி, முட்டி மாற்றினவள், அப்படியே பின்னால் சாய்ந்தாள். யூனிஸ் பாய்ந்து பிடித்திராவிட்டால் இன்னொரு ஆபரேஷன்தான். அன்றோடு அங்கே சாமி பாட்டுக்குத் தடை வந்தது.

அப்புறம் சினிமாப் பாட்டு. அதில் செல்வம்மாள் நன்றாக நடந்தாள். கானத்தூர் குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள், அறுபத்தாறு வயது. மீன் ஏற்றிய வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து இவருக்கு உடைந்த அதே இடத்தில் உடைந்துவிட்டது. மகள் சரிதா இரும்புலியூரில் இருப்பதால் இங்கே சேர்த்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, வலிக்கிறது என்று பாட்டுக்கு மேலே வைதுகொண்டு நடப்பாள்.

என்னவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அவருக்கென்று யூனிஸ் தேடித் தேடி கர்நாடக சங்கீதம் போட்டாள். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, தலையை ஆட்டி, முழுப் பாட்டையும் கேட்டார். எழுந்திருக்கவில்லை. கேட்டால், பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடப்பது மரியாதையா என்று அவளையே திருப்பிக் கேட்டார். பாட்டு நின்றதும், இப்போது பாட்டு இல்லையே, எதற்கு நடப்பது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யூனிஸ் எனக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

டிசம்பர் பத்தாம் தேதி ஆகிவிட்டது. இவர் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. பையன் வர இன்னும் பதினாலே நாள்.

அன்று யூனிஸ் ஒரு முழுக் கச்சேரி ரிக்கார்டிங்கைப் போட்டுவிட்டு யாருக்கோ கால் நீவிக்கொண்டிருந்தாள். பெரிய பாட்டு வந்தது. மிருதுளாவும் இவரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மிருதுளா சபா தவறாமல் போகிறவள். அவளும் கச்சேரிப் பாட்டு ஓடும்போது நடக்க மாட்டாள். பாட்டு ஓய்ந்து தனி ஆரம்பித்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிருதுளா தன்பாட்டுக்கு வாக்கரை இழுத்து, எழுந்து, ஹாலின் வாசல் வரைக்கும் விறுவிறுவென்று போய்விட்டாள். யூனிஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அந்தம்மாள் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் யூனிஸ் என்னையும் பார்த்தாள். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி ஹாலைக் கடந்திருந்தேன்.

எனக்கு எப்போது எழுந்தேன் என்றே தெரியாது. நாற்பத்தொரு வருஷப் பழக்கம். அந்த மையத்தில் கான்டீன்கூடக் கிடையாது.

யூனிஸ் விஷயத்தைக் கேட்டாள். நான் அசட்டுச் சிரிப்போடு சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை, கை தட்டினாள். இனி தினமும் இதையே போடலாம், எல்லாரும் எழுந்து நடப்பார்கள் என்றாள். இவர் பக்கம் திரும்பினேன். முகம் செக்கச்சிவந்திருந்தது. தன்னைச் சக்கர நாற்காலியில் அறைக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஹாலுக்கே வரவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் பொறுக்க முடியாமல் கட்டிலருகில் போய் உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் எழுந்துண்டே,” என்றார்.

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“இன்னிக்கு நேத்திக்கு இல்லே. எல்லாத் தனிக்கும். மேடையிலேர்ந்து முதல் வரிசை தெரியாதுன்னு நினைச்சியா?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பதினைந்து நாள் கலக்கமும் சேர்ந்து வெளியே வந்தது.

“ஆமாம், எழுந்துண்டேன். நான் போய் வரிசையிலே நிக்காட்டா கச்சேரி முடிஞ்சு உங்களுக்கு போண்டா எங்கேர்ந்து வந்திருக்கும்? இத்தனை வருஷம் சூடா சாப்பிட்டேளே, யார் கொண்டு வந்து வெச்சான்னு நினைச்சேள், சபா செக்ரட்டரியா?”

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான், மெதுவாக, அதைச் சொன்னார்.

“டாக்டர் என்ன சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கா? இனிமே சம்மணம் போடவே கூடாதுன்னார். உட்கார முடியாதவன் நடந்து என்ன பண்ணப் போறேன், ரமா?”

டாக்டர் அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டில் டைனிங் டேபிள் இருக்கிறதே, கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்கிறார், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். சம்மணம் போட்டுத் தொடைமேல் மிருதங்கத்தை வைக்காமல் அவர் வாசித்ததை நான் பார்த்ததே இல்லை. அது என் மண்டையில் ஏறவில்லை. அவரை வீம்புக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஹாலில் யூனிஸ் தனி போட்டாள். எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. மிருதுளா நடந்தாள். செல்வம்மாளும் அதற்கு நடக்கப் பார்த்தாள், ஆனால் சினிமாப் பாட்டுக்கு நடந்த மாதிரி வரவில்லை. வாக்கர் தரையில் மோதும் ஓசையும் காலை இழுத்து வைக்கும் ஓசையும் எங்களுக்குக் கேட்டன. தடுமாறுவதும் கேட்டது. இவர் கட்டிலில் நெளிந்தார். சோற்றில் கல் கடித்தாற்போல முகத்தைச் சுளித்தார். இரண்டு நிமிஷம் பொறுத்திருப்பார்.

“அதை நிறுத்தச் சொல்லு. அந்தம்மா விழுந்துடுவா. என்னை அங்கே தள்ளிண்டு போ.”

தள்ளிக்கொண்டு போனேன். யூனிஸ் பாட்டை நிறுத்தினாள். இவர் ஆபீசில் ஜூனியர் கிளார்க்கை நிற்க வைத்துக் கேட்பதுபோல் கேட்டார்: வாக்கரை வைத்து நடப்பது எத்தனை எண்ணிக்கை? யூனிஸ் விரலை மடக்கினாள். முதலில் வாக்கர், அப்புறம் அடிபட்ட கால், அப்புறம் நல்ல கால். மூன்று. உன் ஸ்பீக்கரில் ஓடுவது எத்தனை? அவளுக்குத் தெரியவில்லை. நாலு, போகப் போக வேகம் வேறு ஏறும் என்றார் இவர். நாலுக்குள் மூன்றைப் பொருத்த ஒரு வித்வானால் முடியும், இடுப்பு உடைந்த ஒருத்தியால் எப்படி முடியும் என்றார். முட்டி மாற்றிய மிருதுளா தனிக்கு எழுந்து போகிற பழக்கத்தில் தப்பித்துவிட்டாளாம், அதை வைத்து எல்லாரையும் எடை போடக் கூடாதாம்.

சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து, செல்வம்மாளின் காலைப் பார்த்தபடி வாயாலேயே தாளச் சொல்லைச் சொன்னார். தகிட. தகிட. மூன்றே எழுத்து. ‘த’வுக்கு வாக்கர், ‘கி’க்கு ஒரு கால், ‘ட’வுக்கு மறு கால். அவள் கால் தாமதித்தால் சொல்லும் தாமதித்தது. நாலைந்து அடிக்குள் அவள் வைவதை நிறுத்திவிட்டாள். மறுகோடிச் சுவர் வரைக்கும் ஒரே சீராகப் போனாள். போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி நின்றவள் நகரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலும் மின்விசிறி ஓசையும் சேர்ந்து இவர் குரல் அந்தக் கோடிக்கு எட்டவில்லை.

“இன்னா சாரே, அங்க குந்திக்கினு சொன்னா எனக்கு இன்னா கேக்கும்? எந்திரிச்சி கூட வா,” என்றாள் செல்வம்மாள்.

யூனிஸ் ஒரு வாக்கரைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தாள். கெட்டிக்காரப் பெண். இவர் வாக்கரைப் பார்த்தார், செல்வம்மாளைப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுந்தார். தகிட என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தார். அப்புறம் இரண்டு பேருமாகத் திரும்பி வந்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் புடவைத் தலைப்பை எடுத்தேன்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு ஸ்பீக்கருக்கு ஓய்வு. தினம் ஒரு சுற்று கூடியது. பத்தொன்பதாம் தேதி வாக்கரை விட்டு ஸ்டிக்குக்கு மாறினார். யூனிஸ் அவரை ஹாலில் இருந்த மூன்று படி மரமேடையில் ஏற்றிப் பழக்கினாள். ஏறுவதும் மூன்றுதான் சார் என்றாள்: நல்ல கால் மேலே, அடிபட்ட கால் கூடவே, அப்புறம் ஸ்டிக். ஆனால் மூன்றாவது படியில் ஒவ்வொரு தடவையும் அவர் நின்றார். விழுந்த இடம் ஞாபகம் வரும்போலிருக்கிறது. இன்னொரு கஷ்டமும் இருந்தது. தரையில் நடக்கும்போது சொன்னவருக்கு ஏறும்போது சொல்ல மூச்சு போதவில்லை. யாராவது சொன்னால் தேவலை என்றாள் யூனிஸ்.

நான் சொல்கிறேன் என்றேன். உனக்கு என்ன தெரியும் என்றார். நாற்பத்தொரு வருஷம் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சாதகம் செய்தது யாராம்? குக்கர் விசிலைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். சொல்லிக் காட்டினேன். அவர் ஒரே ஒரு இடத்தில் திருத்தினார். முப்பத்தாறு படிக்கு மும்மூன்று, மொத்தம் நூற்றெட்டு என்று நான் கணக்குச் சொன்னபோது, அட என்று புருவத்தைத் தூக்கினார். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டதில் அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது குறைவு.

இருபத்துநாலாம் தேதி காலை விமான நிலையத்திலிருந்து நேராக ஜெயகிருஷ்ணன் அஸ்தினாபுரம் வந்தான். புனேக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தான், இருபத்தெட்டாம் தேதிக்கு. யூனிஸும் வந்திருந்தாள், இவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். இவர் ஒரு கையில் கைப்பிடிச் சுவர், மறு கையில் ஸ்டிக். நான் இரண்டு படி பின்னால். பையன் எனக்குப் பின்னால்.

தகிட என்றேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது படிக்கு முன்னால் நின்றுவிட்டார். கழுத்தில் வியர்வை வழிந்தது. வலது கால் ஆடியது எனக்குத் தெரிந்தது. பையன் ஏதோ சொல்ல வந்தான். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டு, அதே தகிடவை அதே வேகத்தில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு தடவை சொல்லியிருப்பேன். ஒன்பதாவதில் கால் மேலே போனது.

அப்புறம் அவர் நிற்கவில்லை. ஒன்பது படிக்கு ஒரு திருப்பம். முதல் மாடியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்களை நான் பார்வையாலேயே உள்ளே அனுப்பினேன். பதினெட்டு. இருபது. ஏறிக்கொண்டே சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறுபத்தெட்டு வயது, இரண்டு மாதம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு, ஒழுங்கான தூக்கமில்லை. இருபத்தேழாவது படியில், கடைசித் திருப்பத்தில், என் குரல் போய்விட்டது. மார்பு அடைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே ஸ்டிக் ஓசை நின்றது. திரும்பாதீர்கள், மேலே போங்கள் என்று கையால்தான் காட்ட முடிந்தது. சற்று நேரத்தில் ஸ்டிக் ஓசை மறுபடி கேட்டது. சொல் இல்லாமலேயே மீதிப் படிகளையும் ஏறினார். யூனிஸ் சார் சார் என்று சிரித்தது கேட்டது. அவர் வீட்டு வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தது.

ஆனால் ஜெயகிருஷ்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து என் நாடியைப் பிடித்தான்.

“அப்பா ஏறிட்டார், சரி. உனக்கு முடியலையே அம்மா. தினம் இதை யார் ஏறுவா?” என்றான்.

கோபமில்லை அவன் குரலில். பயம்தான் இருந்தது. இரண்டு மாதம் இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர என் காலை யாரும் பார்க்கவில்லை, நான் உள்பட. போயிற்று, எல்லாம் போயிற்று, என்னாலேயே போயிற்று என்று நினைத்தேன். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

“ரமா.”

மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சை முதல்லே விடு. அவசரமே இல்லே. சரியாச்சுன்னா தலையை ஆட்டு, சொல்றேன். எழுந்து வா.”

மூச்சு விட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் அசையாமல் நின்றார். நான் தலையை ஆட்டினேன்.

தகிட என்று ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நிதானமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. யாருக்காகவும் காலப்பிரமாணத்தைக் குறைக்காத மனிதர். பாடகர் திணறினால்கூடத் தன் வேகத்தில் போய்விட்டு அப்புறம் அவர்மேல் குறை சொல்வார். இப்போது நான் அடுத்த காலை எடுத்து வைக்கும்வரை ‘ட’ அவர் வாயிலேயே நின்றது. நான் ஒரு படியில் நின்றால் அவரும் நின்றார். கண்ணை என் பாதத்தை விட்டு எடுக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பையன் பார்ப்பான் என்று அடக்கிக்கொண்டு ஏறினேன். பையன் பின்னால் என்னைத் தொடாமல் வந்தான்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது அவர் தகிடவை முடித்து நிறுத்தினார். எனக்கு மார்பு அடைக்கவில்லை. ஜெயகிருஷ்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வாரத்துக்கு ஒரு தரம் யூனிஸ் வந்து இரண்டு பேரையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், அம்மாவையும் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்குச் சம்மதமா என்று கேட்டான். இவர் என்னைக் கேட்காமலேயே சம்மதம் என்றார்.

கீழே என்னிடமிருந்து வாங்கி வைத்திருந்த வீட்டுச் சாவியைப் பையன் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தான்.

“நான் மட்டும் போறேன்மா,” என்றான்.

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததில் சாவி திரும்பவில்லை. அவர் ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்தோம்.